மதுரை நாணயக் கண்காட்சி: டிக்கெட்டில் நம்பர் இல்லை

நுழைவுக் கட்டணம் 20 ரூபாய். வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த பையனிடம் கொடுத்தேன். மஞ்சள் தாளில் ரப்பர் ஸ்டாம்ப் குத்திய ஒரு துண்டு கைக்கு வந்தது. திருப்பிப் பார்த்தால் நம்பர் இல்லை. முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவன் கையில் நம்பர் இல்லாத டிக்கெட்டைக் கொடுத்தால் உடம்பு ஒரு மாதிரி ஆகிவிடும்.

"தம்பி, இதுல நம்பர் காணோமே?"

"அது எதுக்கு சார், உள்ள போங்க."

உள்ளே போனேன். நம்பர் எதற்கு என்பது பிறகு வருகிறது.

மூன்று நாள் கண்காட்சி. வெள்ளி, சனி, ஞாயிறு. மாட்டுத்தாவணியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் போகிற தூரத்தில் ஒரு கல்யாண மண்டபம். நான் அருப்புக்கோட்டையிலிருந்து வெள்ளிக்கிழமை காலையிலும் ஞாயிறு மத்தியானமும் போனேன். இரண்டு தடவையும் டிக்கெட் எடுத்தேன். எனவே இது 40 ரூபாய் கொடுத்தவனின் விமர்சனம். நடத்தியவர்கள் பெயரையும் கடைக்காரர்கள் பெயரையும் எழுதப்போவதில்லை. சண்டை போட எனக்கு வயசில்லை.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை, இல்லையென்றால் நான் எதைத் தேடிப் போனேன் என்பது புரியாது. 1988இல் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது எங்களுக்குப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம். தோல்பைக்குள் ஐந்து பைசா, பத்து பைசா, நாலணா எல்லாம் ஓடிக்கொண்டிருந்த காலம். 1995இல் தஞ்சாவூரில் எட்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது திருவள்ளுவர் படம் போட்ட காசு வந்தது. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் என்று மூன்று. முதலில் பைக்கு வந்தது ஒரு ரூபாய். அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, என் சொந்த ரூபாய் ஒன்றைப் பைக்குள் போட்டேன். அன்றைக்குப் பார்த்துச் செக்கிங் ஏறியது. சட்டைப்பையில் தனிக்காசு இருந்தால் என்ன அர்த்தம் என்று கண்டக்டர் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். விளக்கம் சொல்லித் தப்பித்தேன். ஆனால் பழக்கம் விடவில்லை.

அந்த வள்ளுவர் காசைப் பார்க்கப் பார்க்க ஒரு கேள்வி வந்தது. தமிழ் மாநாட்டுக்குக் காசு போட்டிருக்கிறான், தமிழ் எழுத்து எங்கே? அதிலிருந்துதான் தமிழ் எழுத்துள்ள காசுகளை மட்டும் சேர்க்கிறேன். விக்டோரியா ராணி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் தாண்டிப் போய்விடுவேன். கையில் பென்ஷன் காசு. எல்லாவற்றையும் வாங்க முடியாது, ஒன்றையாவது ஒழுங்காகச் சேர்க்கலாம்.

இனி மண்டபத்துக்கு வருகிறேன்.

வெளிச்சம் மோசம். கல்யாணத்துக்குப் போட்ட மஞ்சள் விளக்குகள் அப்படியே எரிந்தன. மஞ்சள் விளக்கில் மணப்பெண் அழகாகத் தெரிவாள், செம்புக்காசு தெரியாது. களிம்பும் அழுக்கும் பெயின்ட்டும் ஒரே நிறமாகிவிடும். விஷயம் தெரிந்த நாலைந்து கடைக்காரர்கள் மட்டும் வெள்ளை எல்இடி மேஜைவிளக்கைத் தாங்களே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். விளக்கு வைத்திருக்கிறவர் கடையில் முதலில் உட்காருங்கள். தன் சரக்கை நீங்கள் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறவர் அவர்தான். நான் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் ஒரு சின்ன டார்ச்சும் எப்போதும் கொண்டுபோவேன்.

ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைவாக மேஜைகள். பாதிக்கு மேல் நோட்டுக்காரர்கள். 786 என்று முடியும் நோட்டு, பிறந்த தேதி வரும் நோட்டு, ஸ்டார் போட்ட நோட்டு. காசு சேர்க்கிறவனுக்கு அந்த வரிசை ரயில்வே கேட் மாதிரி, காத்திருந்து கடக்க வேண்டியதுதான். அந்த வரிசையிலும் எனக்கு ஒன்று கிடைத்தது. மொரீஷியஸ் நோட்டு. அதில் தமிழும் அச்சடிப்பார்கள். 1998இல் புது நோட்டு அடித்தபோது இரண்டாவது இடத்தில் இருந்த தமிழை மூன்றாவது இடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கே இருக்கிற தமிழர்கள் எதிர்த்து நின்றார்கள், வங்கி அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்று மறுபடி அச்சடிக்க வேண்டியதாகிவிட்டது. நான் பார்த்தது 1999க்குப் பிந்தைய, தமிழ் மறுபடி மேலேறிய நோட்டு. 150 ரூபாய் சொன்னார், 120க்குக் கொடுத்தார்.

ஒரு மூலையில் தீப்பெட்டி லேபிள், தபால்தலை, பழைய பஸ் டிக்கெட். டிக்கெட் கட்டுகளைக் கிளறினேன். பாண்டியன் போக்குவரத்துக் கழகம் என்று அச்சடித்த, மங்கிப்போன டிக்கெட் ஒன்று பத்து ரூபாய். நான் கிழித்துக் கொடுத்ததாகக்கூட இருக்கலாம். அந்தக் காலத்தில் அதற்கு அவ்வளவு விலை இல்லை. வாங்கவில்லை, ஆனால் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். அதில் நம்பர் இருந்தது.

விற்பனைக்கு இல்லாத கண்ணாடிப்பெட்டிகளை மணமேடையில் வரிசையாக வைத்திருந்தார்கள். இந்தக் கண்காட்சியில் காசு கொடுக்காமல் கிடைத்த பெரிய சந்தோஷம் இதுதான். புதுக்கோட்டை அம்மன் காசு ஒரு கைப்பிடி அளவு குவிந்திருந்தது. ஒரு பக்கம் பிரகதாம்பாள் உட்கார்ந்திருப்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்று இருக்கும். ராஜா காலத்தில் நவராத்திரிக்கு அரிசியோடு சேர்த்து ஜனங்களுக்கு இந்தக் காசைக் கொடுத்தார்கள். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. பிற்காலத்தில் இதை இங்கிலாந்தில் பர்மிங்காமிலேயே அடித்து வரவழைத்திருக்கிறார்கள். புதுக்கோட்டை அம்மன் கப்பலேறி வந்தவள் என்பது பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பையனுக்கு நம்பமுடியவில்லை.

அடுத்த பெட்டியில் கரூர் சேரர் காசுகளின் புகைப்படம். அசல் இல்லை, படம்தான். அதை நேர்மையாகப் போட்டிருந்தார்கள். அமராவதி ஆற்று மணலில் கிடைத்தவை. 'மாக்கோதை' என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்த வெள்ளிக்காசு, அரசன் தலை ரோமானியக் காசு சாயலில் இருக்கும். அதற்குப் பக்கத்திலேயே ரோமானியக் காசுகளின் படத்தையும் வைத்தது யாரோ யோசித்துச் செய்த வேலை. புதுக்கோட்டைச் சீமையில் 1898இல் கிடைத்த புதையலில் 501 ரோமானியப் பொற்காசுகள், அதில் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தி முகத்தின் மேல் உளியால் ஒரு வெட்டு. இனி இது காசாக ஓடாது, வெறும் தங்கம் என்பதற்காக வெட்டியிருக்கலாம் என்று அட்டையில் எழுதியிருந்தார்கள்.

எனக்குப் பிடித்தது சுவரில் ஒட்டியிருந்த ஒரு சாதாரணத் தாள். கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து மதராஸ் கணக்கு: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஆக ஒரு வராகனுக்கு 3,360 காசு. அந்தக் காலத்தில் பஸ் ஓடாதது கண்டக்டர்கள் செய்த புண்ணியம். வராகனை நீட்டி நாலு காசு டிக்கெட் கேட்டால் எந்தப் பையிலிருந்து சில்லறை கொடுப்பது?

குறை என்றால், அட்டைகளில் எழுத்து பொடிப்பொடியாக இருந்தது. கண்ணாடி மேல் மஞ்சள் விளக்கு பட்டுக் காசு இருக்கும் இடத்தில் பல்பு தெரிந்தது. விளக்கிச் சொல்ல மேடையில் ஆளும் இல்லை. நான் நின்றிருந்த முக்கால் மணி நேரத்தில் நானே மூன்று குடும்பங்களுக்கு விளக்கம் சொல்லியிருக்கிறேன்.

இப்போது நம்பர் விஷயத்துக்கு வருகிறேன்.

பிற்காலப் பாண்டியர்கள் தங்கள் பட்டப்பெயரைத் தமிழில் பொறித்துச் செம்புக்காசு போட்டார்கள். 'சோணாடு கொண்டான்' என்று ஒன்று, 'கச்சி வழங்கும் பெருமாள்' என்று ஒன்று. எனக்கு வேண்டியது 'எல்லாந்தலையானான்'. எல்லோருக்கும் தலையானவன் என்று ஒரு ராஜா தன்னைப் பற்றிக் காசிலேயே எழுதிவைத்திருக்கிறான் என்றால் அந்தக் காசு என் வீட்டில் இருக்க வேண்டாமா? பாண்டியன் கழகத்தில் வேலை பார்த்தவன் நான், அந்த உரிமையும் உண்டு.

போன வருஷம் வேறு ஊரில் இதே மாதிரி ஒரு கண்காட்சியில் அந்தக் காசு ஒன்றை 900 ரூபாய்க்கு வாங்கினேன். பில் கேட்டேன். "பழைய காசுக்கு யாரு சார் பில்லு போடுவா" என்று சிரித்தார் கடைக்காரர். கூட்டம், அவசரம், ஆசை. விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து வெயிலில் வைத்துப் பார்த்தபோது மனசு கொஞ்சம் இடித்தது. எழுத்தின் விளிம்புகள் மெழுகு உருகினாற்போல மழுங்கியிருந்தன. தேய்ந்த காசில் மேடு தேயும், பள்ளத்தில் கூர்மை மிச்சம் இருக்கும். இதில் பள்ளமும் மழுங்கல். லென்ஸில் பார்த்தால் எழுத்துகளுக்கு நடுவே குண்டூசி முனை அளவுக்குச் சின்னச்சின்னக் குழிகள். ஓரத்தில் சுற்றிலும் அரம் போட்ட மாதிரி ஒரு கோடு. ஆனால் ஒரே ஒரு காசை வைத்துக்கொண்டு எதையும் அடித்துச் சொல்லமுடியாது. மண்ணில் எண்ணூறு வருஷம் கிடந்தால் குழி விழத்தான் செய்யும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இந்தத் தடவை அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையில் எடுத்துப்போயிருந்தேன். வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணி இருக்கும். உள்வரிசையில் ஒரு மேஜை. வேறு ஊர், வேறு ஆள். நீல வெல்வெட் தட்டில் பாண்டியர், சோழர், நாயக்கர் செம்புக்காசுகள் கலந்து கிடந்தன. அதில் இரண்டு 'எல்லாந்தலையானான்'. ஒன்றை எடுத்தேன். பழைய காசில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள். 'எலலாநதலையானான' என்றுதான் இருக்கும், நாம்தான் புள்ளி வைத்துப் படித்துக்கொள்ள வேண்டும். படித்துக்கொண்டே வந்து 'ல'வின் காலடியில் வந்து நின்றேன். அங்கே நகம் கீறினாற்போல ஒரு சின்ன வெட்டு. எங்கேயோ பார்த்த வெட்டு.

இரண்டாவது காசை எடுத்தேன். அதே 'ல', அதே காலடி, அதே வெட்டு. சட்டைப்பையிலிருந்து என்னுடையதை எடுத்து இரண்டுக்கும் நடுவில் வைத்தேன். மூன்றிலும் அதே இடத்தில் அதே வெட்டு. மூன்றிலும் வலது ஓரத்தில் எலி கடித்தாற்போல ஒரே பள்ளம்.

இதை விளக்கிச் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் காசு என்பது செம்புத் துண்டைக் கீழ் அச்சின் மேல் வைத்து, மேல் அச்சை வைத்துச் சுத்தியலால் ஓங்கி ஓர் அடி. துண்டு ஒவ்வொன்றும் ஒரு வடிவம், அடி ஒவ்வொன்றும் ஒரு கோணம். ஒரே அச்சில் அடித்தாலும் ஒன்றில் எழுத்து இடப்பக்கம் வழிந்துபோகும், இன்னொன்றில் மேலே வெட்டுப்படும். அதற்குப் பிறகு பட்ட கீறலும் பள்ளமும் அந்தந்தக் காசின் தலையெழுத்து. இரண்டு காசுக்கு ஒரே கீறல் வரவே வராது. வந்தால் அது ஒரு காசை அச்சுக்களிமண்ணில் பதித்து, அதில் உருக்கி ஊற்றிய வார்ப்பு. உள்ளே காற்றுக்குமிழ் நின்ற இடம்தான் அந்தக் குண்டூசிக் குழிகள். அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் வரும் கோட்டை அரம் போட்டு மறைத்திருக்கிறார்கள். என்னிடம் இருந்ததும் அந்த இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். அந்தத் தாய் மட்டும் அசல், அது யாரிடம் இருக்கிறதோ.

கடைக்காரரிடம் மெதுவாகத்தான் கேட்டேன். "தம்பி, இது மூணும் ஒரே மாதிரி இருக்கே?"

அவர் குனிந்து பார்த்தார். கொஞ்சமும் அசரவில்லை. "ஒரே மிஷின்ல அடிச்சா ஒரே மாதிரிதானே சார் இருக்கும்?"

பாண்டியன் காலத்து மிஷின்! பக்கத்து மேஜைக்காரர் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பை அடக்கினாரா, நமக்கேன் வம்பு என்று நினைத்தாரா, தெரியவில்லை.

நடத்துகிறவர்களிடம் போனேன். பேட்ஜ் குத்தியிருந்த ஒருவர் பொறுமையாகவே கேட்டார். கேட்டுவிட்டு, "நாங்க டேபிள் வாடகைக்கு விடுறோம் சார், வாங்குறவங்கதான் பாத்து வாங்கணும்" என்றார். அந்த ஆளின் மேஜை எண் என்ன, அவர் யார் என்று எழுதிவைத்த பட்டியல் இருக்கிறதா என்று கேட்டேன். அதை எனக்குக் காட்டமுடியாதாம். மேஜைகளிலும் நம்பர் ஒட்டவில்லை, வாசல் டிக்கெட் மாதிரியே. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தபோது அந்தத் தட்டில் இரண்டு காசும் இல்லை. என் பேச்சைக் கேட்டு எடுத்துவிட்டாரா, யாராவது வாங்கிக்கொண்டு போய்விட்டார்களா? பில் இருந்தால் தெரிந்திருக்கும்.

ஒரு பஸ்ஸில் காசு வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுக்காவிட்டால் கண்டக்டரை சஸ்பெண்ட் செய்வார்கள். இங்கே ஆயிரக்கணக்கில் கைமாறுகிறது, ஒரு துண்டுத்தாள் கிடையாது. இந்தக் கண்காட்சி மேல் எனக்கு இருக்கிற ஒரே பெரிய வருத்தம் இதுதான். விளக்கு, கழிவறை, சாப்பாடு எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். வாசல் பக்கம் ஒரு மேஜை போட்டு, ஒரு நகைத்தராசும் ஒரு மைக்ரோஸ்கோப்பும் விவரம் தெரிந்த ஓர் ஆளும் வைத்தால் போதும். வாங்கியவர் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போகட்டும். மேஜை வாடகையோடு இன்னும் நூறு ரூபாய் சேர்த்து வாங்கினால் அந்தச் செலவு கட்டிவிடும்.

இதே மண்டபத்தில் நேர்மாறான ஓர் அனுபவமும் கிடைத்தது. ஜன்னலோரமாக, வெள்ளை விளக்கோடு, கரூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மா. நாற்பத்தைந்து வயது இருக்கலாம். அப்பா சேர்த்தது, அவருக்குப் பிறகு இவர் வியாபாரமாக எடுத்துச் செய்கிறாராம். ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னார். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் போட்ட 'தூது' (doudou) என்ற செம்புக்காசு வேண்டும் என்றேன். தட்டோடு எடுத்து முன்னால் வைத்துவிட்டு, "நிதானமா பாருங்கண்ணா" என்று இன்னொருவரைக் கவனிக்கப் போய்விட்டார். தட்டை அப்படியே விட்டுவிட்டுப் போன அந்த நம்பிக்கை எனக்குப் பிடித்தது.

பதினைந்து காசுக்கு மேல் இருந்தது. ஒரு பக்கம் பிரெஞ்சு ராஜாங்கத்தின் லில்லிப்பூ. மறுபக்கம் மூன்று வரியில் 'புதுச்சேரி'. அச்சு பெரிசு, செம்புத்துண்டு சிறிசு, அதனால் எந்தக் காசிலும் முழு ஊரும் விழுவதில்லை. ஒன்றில் 'புது' மட்டும், ஒன்றில் 'சேரி' மட்டும். நான் எடுத்ததில் 'பு'வின் தலை மட்டும்தான் வெட்டுப்பட்டிருந்தது, மற்றதெல்லாம் தெளிவு. களிம்பு சாக்லேட் நிறத்தில் ஒரே சீராகப் படிந்திருந்தது, யாரும் புளி போட்டுத் தேய்க்கவில்லை. எங்கள் அம்மா என் முதல் செம்புக்காசுகளை எல்லாம் ஒரு போகிப் பண்டிகையன்று குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் துலக்கி, பளபளவென்று மடியில் கொண்டுவந்து கொடுத்தாள். அழவும் முடியாது, திட்டவும் முடியாது.

விலை 280. பேரம் பேசி 250. அந்த அம்மா கேட்காமலேயே தராசில் வைத்து நிறுத்து, கார்பன் வைத்த பில் புத்தகத்தில் காசின் பெயர், எடை, விலை, தேதி எல்லாம் எழுதி, கீழே 'அசல் இல்லை என்றால் பணம் திருப்பித் தரப்படும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேலே மூலையில் சிவப்பில் நம்பர். 212.

என் போலியையும் எடுத்துக் காட்டினேன். ஒரு தடவைதான் பார்த்தார். "இது மூணு வருஷமா சுத்திட்டு இருக்குதுங்கண்ணா. அந்த வெட்டை வச்சே சொல்லிடலாம்." தன்னிடம் ஒரு அசல் இருப்பதாகச் சொல்லி எடுத்துக் காட்டினார். அசல்தான், ஆனால் எழுத்தில் பாதிக்கு மேல் போயிருந்தது. 'தலை' மட்டும் மிச்சம். வாங்கட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டாங்கண்ணா, நல்லது வந்தா நானே சொல்றேன், பொறுங்க" என்றார். விற்கிறவர் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இன்னொரு கடையில் 1808ஆம் வருஷத்துக் கும்பினி பத்துக் காசு நிறைய இருந்தது. இதற்கு ஒரு கதை உண்டு. இங்கிலாந்தில் அடித்து மதராஸுக்கு ஏற்றிய கப்பல், அட்மிரல் கார்ட்னர் என்று பெயர், 1809 ஜனவரியில் அங்கேயே குட்வின் மணல்திட்டில் மூழ்கிவிட்டது. 1980களில் மூட்டை மூட்டையாக வெளியே எடுத்தார்கள். மதராஸுக்கு வரவேண்டிய காசு இருநூறு வருஷம் கழித்து மதுரைக்கு வந்திருக்கிறது. 500 ரூபாய் சொன்னார். அதில் பாரசீகமும் ஆங்கிலமும்தான், தமிழ் இல்லை. வைத்துவிட்டு வந்தேன். அதே கும்பினி வெள்ளியில் போட்ட இரட்டைப் பணத்தில் தமிழும் தெலுங்கும் உண்டு. அது இருந்தது, ஆனால் விலை என் பென்ஷனுக்கு ஆகாது.

சனிக்கிழமை ஏலத்துக்கு நான் இல்லை. போன நண்பர் சொன்னார், 1911ஆம் வருஷத்து 'பன்றி ரூபாய்' ஒன்று 4,200க்குப் போனதாம். ஐந்தாம் ஜார்ஜ் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரி தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, அடுத்த வருஷமே யானையைத் திருத்தி அடித்தார்கள். இது திருத்துவதற்கு முந்தைய ரூபாய். ஒரு யானைக்குத் தும்பிக்கை சரியாக வராததால் வந்த விலை.

ஞாயிறு வேறு உலகம். உள்ளே காற்று இல்லை, கைக்குழந்தைகள், பலூன். காசு சேர்க்கிறவர்களைவிட விற்க வந்தவர்கள்தான் அதிகம். யூடியூப் பார்த்துவிட்டு வருகிறார்கள். ட்ராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு லட்சக்கணக்கில் போகும், வைஷ்ணோதேவி காசுக்குப் பத்து லட்சம் என்றெல்லாம் வீடியோ. ஒரு பாட்டி மஞ்சப்பையில் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார், மேலூர்ப் பக்கமாம். ட்ராக்டர் நோட்டு மூன்று. "பேத்தி கல்யாணத்துக்கு ஆகும்னு சொன்னாக தம்பி." கடைக்காரர் இளைஞர், நல்ல பையன். "பாட்டி, இது அஞ்சு ரூவாதான் போகும். பத்திரமா வச்சிக்கங்க. யாராச்சும் போன்ல முன்பணம் கட்டச் சொன்னா கட்டிராதீக" என்று உட்காரவைத்துச் சொன்னான். ரிசர்வ் வங்கியே 2021இல் இந்த மாதிரிப் பழைய நோட்டு வியாபாரத்தில் தனக்குச் சம்பந்தமில்லை, தன் பெயரைச் சொல்லிக் கமிஷன் கேட்டால் ஏமாறாதீர்கள் என்று அறிவித்திருக்கிறது. அதை ஒரு பேனரில் அச்சடித்து வாசலில் கட்டியிருக்கலாம். கட்டவில்லை.

அதைவிட மோசம், வாசலுக்கு மிக அருகிலேயே ஒரு மேஜையில் ராமர் பட்டாபிஷேகம், அனுமார் போட்ட 'கும்பினி 1818' செம்புக்காசுகளைக் குவித்துவைத்திருந்தார்கள். கும்பினி அப்படி ஒரு காசு போட்டதே கிடையாது. சிலதில் 1616 என்றுகூட இருக்கும். கோயில் வாசலில் பூஜைக்கு விற்கிற வில்லையாக வாங்கினால் தப்பில்லை. ஆனால் இதே வில்லையைத்தான் அரிசியை இழுக்கிற காசு, ரைஸ் புல்லிங் என்று சொல்லி ஜனங்களிடம் லட்சக்கணக்கில் பிடுங்குகிறார்கள். நாணயக் கண்காட்சிக்குள் அதற்கு மேஜை கொடுப்பது, டிப்போவுக்குள்ளேயே கள்ள டிக்கெட் அச்சடிக்க இடம் கொடுக்கிற மாதிரி.

இன்னொரு எச்சரிக்கை. "இது கீழடியில கிடைச்சது சார்" என்று ஒருவர் காதோடு காதாகச் சொன்னார். அப்படி யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பொய்யாக இருந்தால் ஏமாற்று, உண்மையாக இருந்தால் குற்றம். மண்ணிலிருந்து கிடைத்த புதையலைப் பற்றிக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் வருஷத்திலேயே சட்டம் இருக்கிறது.

சாப்பாடு: மண்டபத்துக் கீழே சாம்பார் சாதம், தயிர் சாதம் பொட்டலம் 50 ரூபாய். சாம்பார் சாதம் பரவாயில்லை. கழிவறை வெள்ளிக்கிழமை நன்றாக இருந்தது, ஞாயிற்றுக்கிழமை பற்றி எழுதவேண்டாம். லிஃப்ட் கிடையாது, மாடிப்படி 22. முட்டிவலிக்காரர்கள் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

போகிறவர்கள் வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கே போய்விடுங்கள். கடைக்காரர்கள் அப்போதுதான் தட்டை விரிப்பார்கள், பேச நேரம் இருக்கும். லென்ஸ், டார்ச், கையடக்கத் தராசு கொண்டுபோங்கள். கைச்சில்லறை நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள், மண்டபத்துக்குள் சிக்னல் இல்லாமல் பணம் அனுப்பும் செயலி பாதியில் சுற்றிக்கொண்டே நிற்கும். பில் கொடுக்காதவரிடம் ஐம்பது ரூபாய்க்கு மேல் எதுவும் வாங்காதீர்கள்.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். அதில் ஒன்று கண்ணாடிப்பெட்டிகளுக்கு, ஒன்று கரூர் அம்மாவின் 212ஆம் நம்பர் பில்லுக்கு, ஒன்று ட்ராக்டர் நோட்டுப் பாட்டியிடம் உண்மை சொன்ன பையனுக்கு. அடுத்த வருஷமும் போவேன். அந்த 900 ரூபாய்ப் போலி இப்போதும் சட்டைப்பையில்தான் இருக்கிறது. உள்வரிசையில் யாராவது 'எல்லாந்தலையானான்' வாங்குவதாக நின்றால், பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கேளுங்கள், தருகிறேன்.